உப்புத் தண்ணீருக்கு அடங்காத சாயம்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு துணிக்கடையில் நல்ல இரத்தச் சிவப்பில் கொட்டன் சீலை எடுத்துப் பாருங்கள். பையைக் கையில் தரும்போதே கடைக்காரர் மந்திரத்தையும் சேர்த்துத் தருவார்: "அக்கா, முதல் தரம் உப்புத் தண்ணியில ஊறப்போட்டு அலசிருங்க. அதுக்குப் பிறகு சாயமே போகாது." மாமியாரும் இதையே சொல்வார், தையல்காரரும் இதையே சொல்வார். சிலர் வினாகிரி ஒரு மூடி சேர்க்கச் சொல்வார்கள், சிலர் சீனக்காரம். சொன்னபடி எல்லாம் செய்தும், அடுத்த சனிக்கிழமை அதே சீலையோடு ஒரே பேசினில் கிடந்த பிள்ளையின் வெள்ளை யூனிஃபோம் ரோஸ் நிறத்தில் வெளியே வரும். அப்போது திட்டு வாங்குவது துணி, இல்லாவிட்டால் சவர்க்காரம். உப்பை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை. அந்த உப்போடுதான் எனக்கு வழக்கு.

முழுப் பொய் என்றால் இந்த யோசனை இத்தனை காலம் நின்றிருக்காது. சாயப் பட்டறையில் உப்புக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பருத்தி நூலின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். பருத்திக்குப் போடும் சாயத்திலும் அதுவே. ஒன்றையொன்று தள்ளும். தொட்டியில் உப்பு கரைந்தால் அந்தத் தள்ளல் குறையும், சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்குள் போகும். கடும் நிறங்களுக்கு ஒரு லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் உப்புப் போடுவார்கள். நாம் 10 லிட்டர் வாளியில் போடுவது ஒரு கைப்பிடி, ஏறக்குறைய 50 கிராம். பட்டறைக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு. அதனாலும் கொஞ்சம் பயன் தெரியும்: உப்புத் தண்ணீரில் கிடக்கும்வரை சாயம் குறைவாக இறங்கும், தண்ணீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து மனம் ஆறும். அடுத்த தரம் உப்பில்லாத தண்ணீரில் போட்டதும் இறங்க வேண்டியது இறங்கிவிடும். உப்பு எதையும் நூலோடு கட்டிவைப்பதில்லை.

வினாகிரியின் கதை வேறு. பட்டுக்கும் கம்பளிக்கும் போடுவது பெரும்பாலும் அமிலச் சாயம். புளிப்பில்தான் அது நூலைப் பிடித்துக்கொள்ளும், காரம் பட்டால் கைவிடும். ஆகவே பட்டுச் சீலையைக் கடைசியாக அலசும் தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி வெள்ளை வினாகிரி ஊற்றினால் அதில் நியாயம் இருக்கிறது. பருத்தியில் அந்த நியாயம் செல்லாது. 1884இல் வந்த கொங்கோ சிவப்புதான் பருத்தியில் நேரே ஏறிய முதல் செயற்கைச் சாயம். அதில் அமிலம் பட்டால் சிவப்பே நீலமாக மாறிவிடும். 1956இல் சந்தைக்கு வந்த புரோசியன் வகையைப் பின்பற்றி வந்த வினைபுரி சாயங்கள் பருத்தியோடு இரசாயனப் பிணைப்பே போட்டுக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பு விழுவது காரத்தில், சோடாவில். அங்கே வினாகிரிக்கு வேலை ஒன்றுமில்லை. சீனக்காரமும் அப்படித்தான்: மரப்பட்டை, வேர், இலைச் சாயங்களுக்கு முன்கூட்டியே துணியில் ஏற்ற வேண்டிய பொருள் அது. ஆலையில் சாயம் போட்டு முடித்த துணியை அதில் ஊறவைத்தால் மீன் குழம்பு வைத்த பிறகு புளி ஊறவைத்த கதைதான்.

எது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். வினைபுரி சாயத்தில் ஒரு பகுதி பருத்தியோடு சேராமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் அதைவிடக் கூட. இந்தச் செத்த சாயம்தான் உதிரிச் சாயம்; நூலுக்குள் சும்மா ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஆலைக்காரர் அதைக் கொதிநிலைக்கு அருகே உள்ள தண்ணீரில் பல தரம் அலசி எடுக்க வேண்டும். தண்ணீருக்கும் எரிபொருளுக்கும் காசு போகிற இடம் இது, ஆகவே மலிவுத் துணியில் முதலில் வெட்டு விழுவதும் இங்கேதான். இப்படிப்பட்ட துணியில் இறங்குவதற்கு ஒரு முடிவு உண்டு. உதிரிச் சாயம் தீர்ந்தால் தீர்ந்தது. கொங்கோ சிவப்புப் போன்ற நேரடிச் சாயம் போட்ட துணி வேறு. அதில் பிணைப்பே கிடையாது, ஒட்டல் மட்டும்தான். ஒவ்வொரு கழுவலுக்கும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும், கடைசியில் வெளுத்துப் போவதோடுதான் நிற்கும்.

இரண்டில் எது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கை பொறுக்காத சூட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை சவர்க்காரத் தூள். சீலையின் உள்முந்தியிலோ சட்டையின் உள்மடிப்பிலோ ஒரு மூலையை ஐந்து நிமிடம் அதில் தொங்கவிடுங்கள். தம்ளரை வெள்ளைத் தாளின் மேல் வைத்து நிறத்தைப் பாருங்கள். புதுத் தண்ணீர் மாற்றி இன்னும் இரண்டு தரம். மூன்றாவது தம்ளர் முதலாவதைவிட நன்றாக வெளிறி இருந்தால் உதிரிச் சாயம், சுடுதண்ணீர் வைத்தியம் பலிக்கும். மூன்றும் ஒரே சிவப்பாக இருந்தால் நேரடிச் சாயம்; அதைச் சுடுதண்ணீரில் போட்டால் உள்ளதும் போய்விடும்.

மலைத் தண்ணீரும் ஒரு காரணம்

யாழ்ப்பாணத்துக் கிணறு சுண்ணாம்புக் கல்லில் ஊறுவது. சவர்க்காரம் நுரைக்காது, திரிதிரியாகத் திரளும். நம் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் தண்ணீர், கருங்கல் மலையிலிருந்து வருவதால் மென்மையானது, கொஞ்சம் தேய்த்தாலே நுரை பொங்கும். துணி துவைக்க இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஆனால் கல்சியம் குறைந்த தண்ணீரில் உதிரிச் சாயம் இன்னும் இலகுவாகக் கரைந்து வரும். அதனால் அங்கே தெரியாத சாயம் இங்கே வாளியில் தெரியலாம். இதை நான் குறையாக எண்ணவில்லை. வர வேண்டியது சீக்கிரம் வந்து தொலையட்டும்.

குறை தண்ணீரின் குளிரில் இருக்கிறது. நுவரெலியாவில் பீலித் தண்ணீர் 16 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அந்தக் குளிரில் உதிரிச் சாயம் நூலின் உள்ளேயிருந்து ஆமை வேகத்தில்தான் வெளியே வரும். ஒரே நாளில் தீர வேண்டிய விஷயம் மாதக்கணக்கில் இழுத்து, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வெள்ளைத் துணியைப் பலி வாங்கும். கடுமையான நிறம் என்றால் எப்போதும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று பழகிவிட்டோம். புதுப் பருத்தித் துணியின் முதல் கழுவலுக்கு மட்டும் இது தலைகீழ்.

செய்முறை இதுதான். குளிக்க வெந்நீர் வைக்கிற அதே பானை போதும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்த தண்ணீர் இரண்டு பங்கு, பீலித் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் கணக்குக்கு 68; பேசினும் துணியும் குடித்தது போக 60க்குக் கிட்ட நிற்கும். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் 55தான், அது போதாது. ஒரு சீலைக்கு 10 முதல் 12 லிட்டர், சலவைத் தூள் ஒரு மேசைக்கரண்டி. துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்துப் பிழிந்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், காய்ந்ததை அப்படியே போட்டால் மடிப்புகளில் திட்டு விழும். ஒரு தடியால் கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். பிறகு சூடு ஆறுவதற்கு முன்னே தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: "நல்லா ஊறட்டும்" என்று விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போய்விடுவார்கள். தண்ணீர் ஆற ஆற, வெளியே வந்த சாயம் திரும்பத் துணியைத் தேடிப் போகும். இரண்டாம், மூன்றாம் தண்ணீரும் அதே சூட்டில். தம்ளரில் அள்ளிப் பார்த்தால் வெளிர் ரோஸ் அளவுக்கு வந்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி முடிக்கலாம்.

இது சரிகை இல்லாத பருத்திக்கு மட்டும். பட்டு, கம்பளி, ரேயோன் எதையும் இந்தச் சூட்டில் இறக்காதீர்கள். எது என்ன துணி என்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து ஒரு இழை உருவிக் கொளுத்துங்கள்: கடதாசி எரியும் மணம் என்றால் பருத்தியோ ரேயோனோ, முடி கருகும் மணம் என்றால் பட்டோ கம்பளியோ, உருகி மணியாக இறுகினால் பொலியெஸ்டர். சட்டைத் துணி, லைனிங், ஃபோல் மூன்றையும் தைக்கக் கொடுக்கும் முன்பே இந்தத் தண்ணீர் காட்டிவிட்டால் சுருங்குவதும் அப்போதே சுருங்கிவிடும், தையல்காரரோடு சண்டை இல்லை.

தம்ளர் சோதனையில் தோற்ற நேரடிச் சாயத் துணிக்கு என்ன வழி? பத்திக் வேலைக்குச் சாயம் விற்கும் கடைகளில் டை ஃபிக்ஸர் என்று கேட்டுப் பாருங்கள். நேர்மின்னேற்றம் உள்ள அந்தத் திரவம் சாயத்தோடு சேர்ந்து அதைக் கரையாத பெரிய கட்டியாக்கிவிடும். போத்தலில் எழுதிய அளவில், அதில் சொன்ன சூட்டில், தனியாக. இதுவும் நிரந்தரம் இல்லை, பல கழுவலுக்குப் பிறகு திரும்பப் போட வேண்டிவரும். கறை பட்ட துணிக்கு இதைப் போட்டால் கறையையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஃபிக்ஸர் கிடைக்காவிட்டால் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊறவைக்காமல் ஐந்து நிமிடத்தில் துவைத்து எடுப்பது ஒன்றே வழி.

கறை விழுவது துவைக்கும்போதா?

இந்த விஷயத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிடும் கேள்வி இது. சாயம் இறங்குவது ஒன்று, அது இன்னொரு இடத்தில் போய் உட்காருவது இன்னொன்று. இறங்கிய சாயம் 12 லிட்டர் தண்ணீரில் கரைந்து போய்விட்டால் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கெடுதல் தண்ணீர் குறையும்போது வருகிறது.

கெட்டுப்போன துணியைக் கையில் எடுத்துக் கறையின் வடிவத்தைப் பாருங்கள், நடந்தது அதில் எழுதியிருக்கும். வெள்ளைத் துணி முழுவதும் ஒரே சீராக ரோஸ் படர்ந்திருந்தால் அது வாளிக்குள்ளே நடந்தது. தண்ணீர் போதவில்லை, அல்லது நேரம் கூடிவிட்டது. சிவப்புக் கரையின் கோபுரமும் அன்னமும் எதிர்ப்பக்க வெள்ளை உடலில் கண்ணாடியில் பார்த்ததுபோல் தலைகீழாகப் பதிந்திருந்தால் அது துவைத்துப் பிழிந்து உருண்டையாக வைத்த நேரத்தில் நடந்தது. கரையிலிருந்து வெள்ளைக்குள் இரண்டு மூன்று விரற்கடை ஏறி, விளிம்பில் மட்டும் கடும் கோடாக நின்றிருந்தால் அது கொடியில் நடந்தது. துணி காயும்போது ஈரம் ஈரமான இடத்திலிருந்து காய்ந்த இடத்தை நோக்கி நூல் வழியே நகரும். கூடவே சாயத்தையும் இழுத்துப்போய், தண்ணீர் ஆவியாகும் எல்லையில் இறக்கிவிட்டுப் போகும்.

நம் மலையில் அடிக்கடி பார்ப்பது பின்னிரண்டும். காரணம் வானிலை. மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஒரு சீலை காய இரண்டு நாள் போகும். ஊவாப் பக்கம் வடகீழ் மழையில் அதே பாடு. மழை விடட்டும் என்று துவைத்த துணிகளைப் பேசினிலேயே குவித்து வைப்போம். அந்தக் குவியல்தான் வாளியைவிட ஆபத்து. தண்ணீர் கொஞ்சம், சாயம் நிறைய, துணிக்கு மேல் துணி அழுத்தம், மணிக்கணக்கில் நேரம். ஒரு துணியிலிருந்து இன்னொன்றுக்கு நிறம் மாற்ற வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டாலும் இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது.

ஆகவே மழை நாளில் கடும் நிறத் துணியைத் துவைக்காமல் இருப்பதே முதல் புத்தி. துவைத்துவிட்டால் ஒரு நிமிடமும் உருண்டையாக வைக்காதீர்கள். பழைய வெள்ளைத் துவாயை விரித்து, அதன் மேல் துணியை ஒற்றையாகப் பரப்பி, பாய் சுருட்டுவதுபோல் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி மிதித்து எடுங்கள். ஈரத்தில் பெரும்பங்கு துவாய்க்குப் போய்விடும். வொஷிங் மெஷின் இருக்கிறவர்கள் கையால் துவைத்தாலும் சுழற்றிப் பிழிவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். உப்பு, வினாகிரி எல்லாவற்றையும்விட அந்த ஐந்து நிமிடச் சுழற்சி பெரிது. கொடியில் போடும்போது தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று யோசியுங்கள். ஒரு கரை மட்டும் சிவப்பு என்றால் அது கீழே வரட்டும். இரண்டு கரையும் சிவப்பு என்றால் உயரமான கொடியில் நீளவாக்கில் தொங்கவிடுங்கள். ஈரம் கரை வழியாகவே கீழே ஓடும், வெள்ளையைக் குறுக்கே கடக்காது. நனைந்த மடிப்பு நனைந்த மடிப்பைத் தொடக் கூடாது, அவ்வளவுதான்.

பூவேலை நூல்

மேசைவிரிப்பிலும் தலையணை உறையிலும் கைத்தையல் போடுகிறவர்களுக்கு ஒரு மாத வேலை ஒரு கழுவலில் போகும் வயிற்றெரிச்சல் தெரியும். சிவப்பு, கருநீலம், கறுப்பு, கடும்பச்சை ஆகிய பருத்தி நூல்களைச் சோதிக்காமல் வெள்ளைத் துணியில் ஏற்றாதீர்கள். இரண்டு அங்குல நூலை வெந்நீரில் நனைத்து, மடித்த வெள்ளைத் துணிக்குள் வைத்து, சூடான ஸ்திரிக்கைப் பெட்டியால் காயும்வரை அழுத்துங்கள். துணியில் கோடு விழுந்தால் நூல் இன்னும் தயாரில்லை. கண்டின் காகிதத்தைக் கழற்றி, நான்கு இடத்தில் வெள்ளை நூலால் எட்டுப்போல் தளரக் கட்டி (இறுக்கிக் கட்டினால் கட்டுக்குள் இருக்கும் சாயம் வராது), சவர்க்காரத் திரவம் இரண்டு துளி விட்ட வெந்நீரில் அசைத்து அசைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றுங்கள். காய்ந்த பிறகு திரும்ப ஒரு சோதனை. பளபளக்கும் ரேயோன் நூலை இப்படிக் கசக்காதீர்கள், ஈரத்தில் அதன் பலம் பாதியாகிவிடும். பொலியெஸ்டர் நூலில் இந்தக் கவலை மிகக் குறைவு.

தைத்த பிறகு கறை பட்டுவிட்டதா? காயவிடாதீர்கள், ஸ்திரிக்கை போடாதீர்கள், கறை மேல் சவர்க்காரக் கட்டியைத் தேய்க்காதீர்கள். பருத்தித் துணியில் பருத்தி நூல் என்றால், பெரிய பாத்திரம் நிறைய வெந்நீரில் சவர்க்காரத் திரவத்தோடு முழுக அமிழ்த்தி, மேலே மிதக்காமல் ஒரு வெள்ளைத் தட்டை வைத்துவிடுங்கள். தண்ணீர் நிறம் மாறியதும் கொட்டிப் புதுசு. கடைசித் தண்ணீர் நிறமே ஏறாமல் நின்றால் இரவு முழுக்கக் கிடக்கலாம். ஒரு கைக்குட்டைக்கே ஒரு வாளி தண்ணீர் வேண்டும், கஞ்சத்தனம் ஆகாது. குளோரின் வெளுப்பான் இங்கே கறையையும் பூவையும் சேர்த்து அழிக்கும். வெறும் வெள்ளை யூனிஃபோம் ரோஸாகிவிட்டால் ஒக்ஸிஜன் வகை வெளுப்பானை வெந்நீரில் கரைத்து ஊறவைக்கலாம். எது ஊற்றினாலும் குளோரினோடு வினாகிரியைச் சேர்க்காதீர்கள். கிளம்புவது நச்சு வாயு, மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

வெளுப்பு

வெளுப்பது வேறு நோய். குளிரான வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஒரே அளவு தெளிந்த வானத்தில் கொழும்பைவிட நுவரெலியாவில் அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, காற்றோட்டமான நிழலில் போடுங்கள். கறுப்புச் சட்டை சாம்பலாவதில் பாதி சாயம் போவதே இல்லை: பீலியடிச் சீமெந்துக் கல்லில் அடித்துப் பிரஷ் போட்டதில் நூல் உரசி வெள்ளைப் பஞ்சு எழுந்து நிற்கிறது. திருவிழாவுக்கு மஞ்சள் நனைத்த துணிக்கு மட்டும் மருந்தே கிடையாது. சவர்க்காரம் பட்டால் சிவக்கும், வெயில் பட்டால் மறையும், அடுத்த திருவிழாவுக்குப் புதிதாக நனைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளுத்ததை வீட்டிலேயே திரும்பச் சாயம் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வினைபுரி சாயப் பொதியில் குளிர்நீரில் போடலாம் என்று இருக்கும். அந்தக் குளிர்நீர் நம் குளிர்நீர் அல்ல. 25 பாகையாவது இருக்க வேண்டும். 16 பாகையில் பிணைப்பு அரைகுறையாகவே விழும், மிச்சமெல்லாம் உதிரிச் சாயமாகிப் பிறகு வாளியில் இறங்கும். அரைக் கிலோ பருத்திக்கு வெதுவெதுப்பான தண்ணீர் 10 லிட்டர், உப்பு 600 கிராம், சாயம் கடும் நிறத்துக்கு 20 கிராம். அரை மணி நேரம் கிளறிய பிறகு சோடா சாம்பல் 80 முதல் 100 கிராமைத் தனியே கரைத்து, துணியின் மேல் நேரே படாமல் ஊற்றி, இன்னும் ஒரு மணி நேரம். பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி அடுப்போரம் வையுங்கள். கடையில் சோடா சாம்பல் இல்லாமல் பளிங்குக் கட்டியாகச் சலவைச் சோடா கிடைத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், எடையில் இரண்டே முக்கால் மடங்கு போட வேண்டும். அப்பச்சோடா இந்த வேலைக்கு ஆகாது.